உலாவியைப் புதுப்பிக்கும் நேரத்தை யார் முடிவு செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஒப்பந்ததாரரான நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் இருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்குள் அவர் இணையவழி டெண்டர் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கனைக் கணினியில் செருகி, காலையிலேயே சரிபார்த்து வைத்திருந்தார். மதியம் உலாவியை மூடித் திறந்தபோது, கையொப்பமிட வேண்டிய கட்டம் வெறும் சாம்பல் நிறத்தில் நின்றது. இடைப்பட்ட நேரத்தில் உலாவி தானாகவே அப்டேட் ஆகி, கையொப்பமிடத் தேவையான ஜாவா செருகுநிரலுக்கான (உலாவிக்குள் இயங்கும் துணைமென்பொருள்) ஆதரவைக் கைவிட்டிருந்தது. நண்பர் டோக்கனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய பதிப்பு இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார், 2.50-க்குச் சமர்ப்பித்தார். எந்த உலாவி என்பது இங்கு வேண்டாம்.

அந்தச் செருகுநிரலைக் கைவிட்டது தவறென்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பெயர்போன தொழில்நுட்பம் அது. ஆனால் அன்றைக்கு, அந்த நேரத்தில் அதைச் செய்யலாமா என்று கணினிக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தையும் தோற்ற மாற்றம், வசதி நீக்கம் ஆகியவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 'வாங்கினால் எல்லாவற்றையும் வாங்கு' என்று திணிப்பதுதான் என் மனக்குறை.

இந்த வழக்கம் அதிகம் பழையதன்று. ஃபயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்கொண்டால், 2011 மார்ச்சில் 4-ஆம் பதிப்பு வந்தது; ஜூனிலேயே 5 வந்துவிட, 4-க்கான ஆதரவு அத்தோடு முடிந்தது. ஆறு வாரத்துக்கு ஒன்றாக இருந்த புதிய பதிப்பு, 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாயிற்று. 'புதுப்பிப்பைத் தேடவே வேண்டாம்' என்று அமைப்புகளில் இருந்த தெரிவை 2018 அக்டோபரில் வந்த 63-ஆம் பதிப்பு நீக்கியது. விண்டோஸில் இப்போது உலாவி மூடியிருக்கும்போதே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

முற்றிலும் நிறுத்தவும் வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் 'டிஸ்ட்ரிப்யூஷன்' என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதில் 'பாலிசீஸ்' என்ற ஜேசன் கோப்பை (அமைப்புகளை எழுதிவைக்கும் உரைக்கோப்பு) வைத்து, 'டிசேபிள்ஆப்அப்டேட்' என்ற கொள்கையை இயக்கினால் போதும். நானும் செய்து பார்த்தேன். உடனே, 'உங்கள் உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று அமைப்புகள் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டில் அப்படி எந்த நிறுவனமும் இல்லை.

ஆனால் ஒரே மாதத்தில் அதை நீக்கிவிட்டேன். 2024 அக்டோபரில் ஃபயர்பாக்ஸில் ஒரு கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது; திருத்தம் வெளிவருவதற்கு முன்பே அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். புதுப்பிப்பை அடியோடு அடைத்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது. 2025 மார்ச் 14 அன்று நீட்சிகள் (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) நம்பகமானவையா என்று சரிபார்க்க உதவும் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானதால், பழைய பதிப்புகளிலேயே தங்கிவிட்டவர்களின் நீட்சிகளும் சிக்கலுக்குள்ளாயின. மாற்றம் வேண்டாம் என்பதற்காகக் காவலையும் சேர்த்து விலக்குவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

இரண்டையும் பிரித்துத் தரும் பதிப்பு ஒன்று 2012 முதலே இருக்கிறது: இ.எஸ்.ஆர். எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அடிப்படைப் பதிப்பு ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறைதான் மாறும். இடையில் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களே. மேலே சொன்ன 2024-ஆம் ஆண்டு ஓட்டைக்கான திருத்தம், வழக்கமான பதிப்புக்கு வந்த அதே நாளில் இதற்கும் வந்தது. விண்டோஸ் 7-இல் இன்னும் காலம் தள்ளுபவர்களுக்கு 115-ஆம் இ.எஸ்.ஆர். கைகொடுத்தது. ஆகவே, இரண்டையும் பிரிக்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். அலுவலகங்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் அதை வைத்திருப்பதால், சாதாரணப் பயனர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. முதன்முறை நிறுவும்போதே 'எது வேண்டும்?' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வழக்கமான பதிப்பிலிருந்து இதற்கு மாறுபவர்கள் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் முதலில் காப்புநகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அடிப்படைக்குத் திரும்பும்போது உலாவி புதிய சுயவிவரத்தை (புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் முதலியவை சேமிக்கப்படும் இடம்) உருவாக்கச் சொல்லும்.

நண்பரின் கணினியிலும் இ.எஸ்.ஆர்.தான் போட்டுக் கொடுத்தேன். பழைய அடிப்படைக்கும் புதியதற்கும் சில வாரங்கள் சேர்ந்தே ஆதரவு இருப்பதால், டெண்டர் இல்லாத வாரமாகப் பார்த்து அவரே மாற்றிக்கொள்கிறார்.