பச்சப்புள்ள மூக்குல தைலம் எதுக்கு?

கேரள எல்லையில இருக்கிற குமுளி தைலக்கடை ரீலை ஆளாளுக்கு அனுப்பிட்டீங்க. போதும், பார்த்துட்டேன். சளியில கொர்கொர்னு இழுக்கிற கைக்குழந்தை. யூகலிப்டஸ் தைலத்தைக் கைக்குட்டையில நனைச்சு மூக்குக்கு நேரா பிடிக்கிறாங்க. புள்ள முகத்தைத் திருப்புது, கைக்குட்டையும் கூடவே போகுது. கீழே ஹார்ட்டா கொட்டியிருக்கு!

கைக்குழந்தை மூக்குப் பக்கம் தைலமே கூடாது. யூகலிப்டஸ், புதினா, கற்பூரம் எதுவும். அந்த நெடிக்குக் குரல்வளை இறுகி மூச்சே நின்னுடலாம்.

“எங்க பாட்டி செய்யலையா?” பாட்டி ஓமத்தைத் துணியில முடிஞ்சு வச்சாங்க. பாட்டில்ல இருக்கிறது வேற: நூறு கிலோ இலையைக் காய்ச்சி வடிச்சா ஒண்ணு ரெண்டு கிலோ தைலம்தான் தேறும், அவ்வளவு காட்டம். தேங்காயெண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தேய்க்கிறதும் வேண்டாம். தோல் வழியா ஏறி வலிப்பு வரலாம். பாட்டியே சொல்லியிருந்தாலும்தான்.

தேய்ச்சே ஆகணும்னா 2 வயசு தாண்டட்டும். 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு லாவெண்டர் 6 சொட்டு, அவ்வளவுதான். முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. முகம், சூப்புற விரல் பக்கம் போகாதீங்க. குளிக்கிற தண்ணியிலயும் ஊத்தாதீங்க. கரையாம மிதந்து தோல்ல ஒட்டி எரியும்.

சளிக்கு உப்புத்தண்ணி (சலைன்) மூக்குச் சொட்டு போதும், பால் குடுக்கிறதுக்கு முன்னாடி. விலா உள்வாங்கி மூச்சு வேகமா இழுத்தா ஆஸ்பத்திரி.

“இங்கிலீஷ் மருந்து ஏஜெண்டு”ன்னு இன்பாக்ஸ்ல வந்து திட்டியாச்சு. சந்தோஷம். கமிஷன் எப்ப வரும்னும் சொல்லிடுங்க.

“கடைக்காரங்க பொழப்புல மண்ணப் போடாதே”ன்னு இன்னொருத்தர். இதுல நியாயம் இருக்கு. சீசன் நாலு மாசத்தை வச்சு வருஷத்தை ஓட்டுறவங்க. மூட்டுவலிக்கு, தலைவலிக்குப் பெரியவங்களுக்குத் தாராளமா வித்துக்கோங்க, யாரு வேண்டாம்னா? ஆனா கேன்லேர்ந்து ஊத்திக் குடுக்கிற பாட்டில்ல லேபிளும் இல்ல, சொட்டு மூடியும் இல்ல. தவழுற புள்ள கவுத்தா ஒரே மடக்கு. அஞ்சு மில்லி யூகலிப்டஸ், ஒரு டீஸ்பூன், புள்ளைய மயக்கத்துல தள்ளிடலாம், வலிப்பும் வரலாம். சில சமயம் அரை மணி நேரம்கூட ஆகாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க, தைலம் நுரையீரலுக்குள்ள போயிடும். பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு 108. தமிழ்நாட்டுல கம்பம் பக்கம்னாலும் கேரளாவுல குமுளி பக்கம்னாலும் அதே நம்பர்தான்.

அங்க போய் எந்தத் தைலம்னு டாக்டர் கேட்பார். லேபிளே இல்லாத பாட்டிலைக் காட்டி என்ன சொல்வீங்க? ரீலைக் காட்டுவீங்களா?