இடிந்த சுவருக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை வந்த அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையில் இடிந்த சுவரைக் காட்டிக் காசு பறிக்கிறார்களாம். இவ்வளவு பணக்கார நாட்டுக்கு ஒரு கோட்டையைக் கட்டி முடிக்க வக்கில்லையாம்.

வக்கில்லாமல் விடவில்லை ஐயா, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். 1689இலும் 1693இலும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை வந்து சூறையாடியது. ஓரளவு சீர்செய்து வைத்ததை 1764இல் இடி விழுந்து எரித்தது. அதன்பின் ஊர்க்காரர்களே வீடு கட்டக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்கப் பாடுபட்ட கிரேம்பெர்க் ஒரு பிரெஞ்சுக்காரர்! 1900ஐ ஒட்டி, கோட்டைக்குள் இருக்கும் ஃபிரீட்ரிக் மாளிகையைப் புதுப்பித்தார்கள். பக்கத்து மாளிகைக்கும் கூரை போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கலை வரலாற்றாசிரியர் டேஹியோ கடுமையாக எதிர்த்தார். இருப்பதைக் காப்பாற்றுங்கள், இல்லாததைக் கட்டாதீர்கள் என்பது அவர் கட்சி. வருடக்கணக்கில் சண்டை போட்டு எடுத்த முடிவு அது. சோம்பேறித்தனம் அல்ல.

அங்கே லூயியின் படை வெடிவைத்துப் பிளந்த கோபுரம் ஒன்று இருக்கிறது. ஆறு மீட்டருக்கும் மேல் தடிமனான சுவர். அதில் ஒரு பெரும் பாளம் உடைந்து சிதறாமல், பெயர்ந்தபடியே அகழிக்குள் சாய்ந்து கிடக்கிறது. முழங்கால் வலியோடு வந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாவிகள், எவ்வளவு வெடிமருந்து வைத்திருப்பார்கள்!" என்றார். அவருக்கு யாரும் விளக்கவில்லை.

"அதே ஊரில் பழைய பாலத்தை மட்டும் கட்டினார்களே?" என்பீர்கள். கட்டினார்கள். 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படையே தகர்த்த பாலத்தை, மக்கள் நன்கொடை திரட்டி 1947இல் எழுப்பினார்கள். நெக்கர் ஆற்றைக் கடக்க வேண்டுமே! மன்னரில்லாத அரண்மனையில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? "ஜெர்மனிக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. இங்குள்ள ரயில்களைப் பற்றி நான் எழுதியவற்றைப் படித்துவிட்டு வரட்டும்.

காணொளிக்காரர் தங்கியது என் வீட்டில்தான். விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டி, கையோடு கூட்டிப்போனேன். 2,20,000 லிட்டர் கொள்ளும் அந்த மதுப் பீப்பாய் முன்னால் மட்டும் முகம் மலர்ந்தது. செல்ஃபி எடுக்க வேண்டுமே. முற்றத்தில், கூரையில்லாத முகப்பின் ஜன்னல்களில் வானம் தெரிகிறதே என்று காட்டினேன். தலை நிமிரவில்லை, கைபேசியில் சார்ஜ் இல்லையாம். இப்போது, "கூட்டிப்போனவரின் ரசனை அப்படி" என்று ஒரு வரி. பெயர் சொல்லாமல் விட்டாராம், பெருந்தன்மை!

அடுத்த முறை அவர் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் கோக்கெம் ஊருக்குப் போகட்டும். 1689இல் அதே படை தகர்த்த கோட்டையை, 1868இல் ஒரு பெர்லின் செல்வந்தர் வாங்கி, கூரையும் கூர்கோபுரமுமாகக் கட்டி முடித்துவிட்டார். ஒரு விரிசல் இருக்காது. வழி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.