பந்துல காத்து எவ்வளவுன்னு பாருங்க

வியாசர்பாடி ஃபுட்பால் ஃபைனல் பத்தின உங்க கட்டுரை முழுக்க, கோல் அடிக்கிற ஃபார்வர்டுங்களைப் பத்தியே பேசுது. நம்ம கெட்டி மண் தரையில முதல்ல கவனிக்க வேண்டியது பந்துல இருக்கிற காத்து. விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரை வைக்கலாம். ஆனா இந்தத் தரையில 12, 13 வெச்சா பந்து எகிறிக்கிட்டே இருக்கும், முதல் டச்சே கால்ல நிக்காது. 9, 10 போதும். காலையில காத்தடிச்சு வெயில்ல போட்டுடாதீங்க, சூட்டுல அழுத்தம் ஏறிடும். நிழல்ல வெச்சு, ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடி அழுத்தம் அளக்கிற கேஜ்ல மறுபடி பாருங்க. ஊசியை நனைக்காம சொருகினா வால்வு கிழியும், செகண்ட் ஹாஃப்ல பந்து தொளதொளன்னு ஆயிடும்.

ஷூவுக்கு அடியில நீள ஸ்டட் (குமிழ்) வேணவே வேணாம். மண்ணுல இறங்காது, கணுக்கால்தான் மடங்கும். குட்டை ரப்பர் குமிழ் வெச்ச டர்ஃப் ஷூ சரி.

பெனால்டி ஷூட்அவுட் வெறும் அதிர்ஷ்டம்னு எழுதியிருக்கீங்க. ஒத்துக்க முடியல. 2022 உலகக் கோப்பை ஃபைனல்ல பிரான்ஸ் வீரர் கோமான் உதையை அர்ஜென்டினா கீப்பர் மார்டினெஸ் தடுத்தாரு, அர்ஜென்டினா ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சது. பந்து வைக்கிற புள்ளியில இருந்து கோலுக்குத் தூரம் 11 மீட்டர், கோல் அகலம் 7.32 மீட்டர். உதைக்கிற நொடியில கீப்பரோட ஒரு பாதமாவது கோல் கோட்டுலயோ அதுக்குப் பின்னாடியோ இருக்கணும். பெனால்டி உதைக்கப் போற அஞ்சு பேர் வரிசையை இப்பவே முடிவு பண்ணுங்க. பிராக்டீஸ் முடிஞ்சு கால் களைச்ச பிறகு அடிச்சுப் பழகுங்க, ஃபைனல்ல கால் அந்த நிலைமையிலதான் இருக்கும்.