ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு சார்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் காட்பாடி வரைக்கும் போயிருக்கிறது. நான் போட்ட பட்டியலுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என் சொந்த மச்சானுடையது. சரி, இருக்கட்டும்.

பட்டியலில் அப்படி என்ன இருந்தது? வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு நெட் எப்போது போனது, எப்போது வந்தது. அவ்வளவுதான். ஒரு பழைய லேப்டாப் நிமிடத்துக்கு ஒரு தடவை வீட்டு ரவுட்டரையும், அப்புறம் வெளியே கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் 1.1.1.1 என்ற இரண்டு முகவரிகளையும் பிங் செய்கிறது, அதாவது 'இருக்கியா?' என்று கேட்கிறது. ரவுட்டர் பதில் சொல்லி, வெளியே இரண்டுமே சொல்லாவிட்டால்தான் 'நெட் போச்சு' என்று எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லாவிட்டால் அது கூகுள் பாடு, கிளவுட்ஃபிளேர் பாடு. இதைவிட நேர்மையாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

அதற்கு எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கும் கேபிள் அண்ணன் போட்ட பதில்: "நம்ம லைன் 99 பர்சென்ட் ஓடுது சார், உங்களுக்கு மட்டும்தான் கம்ப்ளைன்ட்." உடனே குழுவில் கைதட்டல். பத்தாம் வகுப்பு மார்க் என்று நினைத்துவிட்டார்கள் போல. 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். ஒரு சதவீதம் 432 நிமிடம். 7 மணி 12 நிமிடம் நெட் இல்லாவிட்டாலும் அவர் 99 வாங்கிவிடுவார். ராத்திரி மூன்று மணிக்குப் போனால் நான் ஏன் கேட்கிறேன்? காலை பதினொரு மணிக்குப் போகிறது ஐயா.

"ஸ்பீட் டெஸ்ட்ல நூறு காட்டுதே" என்கிறார் ஒருவர். நெட் இருக்கும்போதுதானே ஸ்பீட் டெஸ்ட் ஓடும்! பாலாற்றில் வெள்ளம் வந்த நாளில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் தண்ணீருக்குக் குறையே இல்லை என்று காட்டுவது போல இருக்கிறது.

எங்கள் அப்பா குடியாத்தத்தில் டெலிபோன் லைன்மேன். டெலிபோன் புகார் எண் 198-க்கு வந்த புகார்களை ஒரு நோட்டில் எழுதுவார். புகார் வந்த நேரம், லைன் சரிசெய்த நேரம், காரணம். மழை, எலி, எவனோ பள்ளம் தோண்டினான். "டைம் சொல்லாம வந்து நின்னா இன்னாத்தடா பாக்கறது?" என்பார். அவரை யாரும் வேலை இல்லாதவன் என்று சொன்னதில்லை. என்னைச் சொல்கிறார்கள்.

ஒரு வீட்டுக் கணக்கை வைத்து ஊரை எடை போடலாமா என்று கேட்டது நியாயம். அதனால்தான் நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டேன். பொம்மைதான் வந்தது.

"கேபிள் அண்ணன் பாவம், பெரிய கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறீங்களா?" இதுதான் சுருக்கென்றது. என்னிடம் இரண்டு இணைப்பும் இருக்கிறது. அண்ணன் லைனுக்குத் தெருமுனைப் பெட்டியில் வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துவிடும் ஸ்விட்ச் என்ற கருவி; கரண்ட் போனால் அதுவும் படுத்துக்கொள்ளும். பெரிய கம்பெனி ஃபைபருக்கு வழியில் கரண்ட் வேண்டாம், வீட்டில் யூபிஎஸ் இருந்தால் ஓடும். ஆனால் ஒயர் அறுந்தால் அண்ணன் அரைமணியில் ஏணியோடு நிற்பார், அவர்கள் இரண்டு நாள் புகார் எண்தான் தருவார்கள். பாதாளச் சாக்கடைக்கு ஜேசிபி வந்த அன்று இரண்டும் சேர்ந்தே போயின, ஏனென்றால் இரண்டும் வருவது ஒரே வழியில். இத்தனையும் பட்டியலிலேயே இருந்தது. படித்தால்தானே?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறதே என்கிறீர்களா? 2024-இல் வந்த விதிப்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் வாடகையில் கழிவு. எங்கள் தெருவின் நாற்பது நிமிடம் எந்த மாவட்டக் கணக்கில் வரும்?

போன வருடம் என் மகளுக்குப் பெங்களூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ. பாதியில் நெட் போனது. ஹாட்ஸ்பாட் போட்டுத் திரும்பச் சேர்வதற்குள் அவர்கள் போய்விட்டார்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை. நெட்காரர்களுக்குப் போன் போட்டேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணியாச்சு. "எத்தனை மணிக்கு சார் போச்சு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லைன்மேன் மகன். அன்று சாயங்காலம்தான் அந்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினேன்.

மச்சான் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். லேப்டாப்பை இறக்க ஏணி பிடித்ததே அவர்தான்.