அந்தக் கடிதம் இருக்கிறது. 1962 சீனப் போரின்போது நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். முழுசாகப் படியுங்கள்.

காட்பாடி கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. அந்த மிலிட்டரிக்காரர் எழுந்து நின்று, கையில் இருந்த தாளைப் பார்த்தபடி, "1962ல நேரு அமெரிக்காகிட்ட சண்டை விமானம் கேட்டு லெட்டர் எழுதினாராமே, அது நெசமா சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மேடையில் இருந்தவர், "அப்படி ஒரு கடிதமே கிடையாது, எல்லாம் வாட்ஸப் பொய், ராணுவத்துல சோறு தின்னவர் இப்படிப் பேசலாமா" என்றார். கைதட்டினார்கள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். எண்பதைத் தாண்டிய மனிதர், அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கடிதம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. 1962 நவம்பர் 19ஆம் தேதி, ஒரே நாளில், பிரதமர் நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதியவை. வாஷிங்டனில் அப்போது தூதராக இருந்த பி.கே. நேரு மூலம் போய்ச் சேர்ந்தவை. இன்றைக்கு பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. இது ரகசியமும் இல்லை, வதந்தியும் இல்லை. இப்படிக் கேட்டார்கள் என்ற பேச்சு 1965லேயே ராஜ்யசபாவில் சுதிர் கோஷ் என்ற உறுப்பினர் வழியாக வந்து சர்ச்சையாகிவிட்டது. மேடையில் பேச வருகிறவர் இதையாவது தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டாமா?

சரி, மறுநாளே எதிர்த் தரப்பினர் கிளம்பிவிட்டார்கள். "நேரு அமெரிக்காவிடம் கெஞ்சினார்" என்று கொட்டை எழுத்தில் படம் போட்டு, கடிதத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் கையில் இருந்ததும் அந்தத் துண்டுதான். இவர்கள் மேலும் எனக்கு அதே கோபம்தான். ஒருவர் கடிதமே இல்லை என்கிறார், இன்னொருவர் பாதியைக் கிழித்துக் கொடுக்கிறார். முழுசாகப் படிக்கக் கொடுக்க இரண்டு பேருக்குமே மனசில்லை.

முழுசாகப் படித்தால் என்ன இருக்கிறது? வடகிழக்கு எல்லையில் சேலா கணவாயும் பொம்டிலா ஊரும் சீனர்களிடம் போய்விட்ட நேரம் அது. எந்தக் காலநிலையிலும் ஒலியைவிட வேகமாகப் பறக்கக்கூடிய சூப்பர்சானிக் போர் விமானங்கள் 12 ஸ்குவாட்ரன், அதாவது 12 அணி, கேட்கிறார். ராடார் கேட்கிறார். நம் ஆட்கள் பயிற்சி எடுத்து முடிக்கும் வரை அமெரிக்க விமானப்படையினரே அவற்றை இயக்க வேண்டும் என்கிறார். பி-47 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் 2 ஸ்குவாட்ரன். இவற்றைப் பாகிஸ்தானுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. படத்தில் வெட்டி எறிந்த இடம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். தரைப்படைக்கு உதவியாக விமானப்படையை இறக்க வேண்டும் என்று பலமுறை தோன்றியது, ஆனால் சீனா திருப்பி அடித்தால் தடுக்கிற அளவுக்கு நம்மிடம் விமானமும் ராடாரும் இல்லை, அதனால் இறக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் நம் போர் விமானங்கள் ஏன் சண்டைக்கு எழும்பவில்லை என்பதற்கு, நாட்டின் பிரதமரே எழுத்தில் ஒப்புக்கொண்ட காரணம் அது. அதை ஒரு அமெரிக்க அதிபருக்குச் சொன்னார்கள். நம் வீடுகளுக்குச் சொல்லவில்லை.

நம் வீடு என்று சொல்வது சும்மா இல்லை. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று இந்த ஜில்லா முழுக்கச் சொல்வார்கள். எங்கள் பெரியப்பா 1962ல் நேஃபாவில், அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தார். எந்த மலை, எந்த ஆறு என்று அவருக்குக் கடைசி வரை சரியாகச் சொல்லத் தெரியாது. டக்கோட்டா சரக்கு விமானத்தில் இருந்து மூட்டை போடுவார்கள், பாதி மூட்டை பள்ளத்தில் விழுந்துவிடும், எடுக்கப் போனவன் திரும்பி வரமாட்டான் என்பார். பூட்டான் காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். கால் விரல் இரண்டு போய்விட்டது. பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது சின்னப் பசங்க கேட்டால், "மேல பாத்துக்கிட்டே இருந்தோம், சண்டை பிளேன் ஒண்ணுகூட வரலை" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். ஏன் வரவில்லை என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். காரணம் எழுதிய தாள் அவர் உயிரோடு இருக்கும்போதே பாஸ்டனில் ஒரு பெட்டியில் இருந்தது.

இதை எழுதினால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "பாதுகாப்பு விஷயம், எதிரி படிப்பான்." எதிரி எப்போதோ படித்துவிட்டான். பாஸ்டனில் இருப்பதை பெய்ஜிங்கில் இருப்பவன் படிக்க முடியும், கம்மவான்பேட்டையில் இருப்பவர்தான் படிக்கவில்லை. இன்றைய விமானம் எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நம்மிடம் இருந்த ஹண்டர், நாட் (Gnat), கான்பரா விமானங்கள் இன்றைக்கு மியூசியத்தில் நிற்கின்றன. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை 1963லேயே கொடுத்தாகிவிட்டது. காங்கிரஸும் திறக்கவில்லை, பாஜகவும் திறக்கவில்லை. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியே விடலாம் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021 ஜூனில் ஒரு கொள்கை அறிவித்தது. அந்தப் போர் முடிந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

"நட்பு நாடுகளுக்குச் சங்கடம்" என்பார்கள். ஆகட்டும்.

"சாதாரண ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். படித்தவர், நல்லவர். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. பிள்ளையை அனுப்பும்போது சாதாரண ஜனங்கள் வேண்டும், அந்தப் பிள்ளை மேல் எடுத்த முடிவைப் படிக்க மட்டும் அவர்களுக்குப் பக்குவம் இல்லையா? தப்பாகப் புரிந்துகொள்வது முழுத் தாளைக் கொடுப்பதால் வருவதில்லை. பாதித் தாளைக் கொடுப்பதால் வருகிறது. அந்தப் பெரியவர் அதிலும் ஏமாறவில்லை, நெசமா என்று கேட்டார். மேடையில் இருந்தவர்தான் கேட்காமலே பதில் சொன்னார்.

வெள்ளைக்காரன் கதையைப் பாருங்கள். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது, தண்டவாளத்தைப் பெயர்க்கிறவர்களை விமானத்தில் இருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடலாம் என்று வைஸ்ராய் லின்லித்கோ அனுமதி கொடுத்தார். 1857க்குப் பிறகு இவ்வளவு பெரிய கிளர்ச்சி இல்லை, அதன் அளவை உலகத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறோம் என்று ஆகஸ்ட் 31 அன்று சர்ச்சிலுக்குத் தந்தி அடித்தார். இதெல்லாம் 1970களின் தொடக்கத்திலேயே லண்டனில் அச்சாகி வந்துவிட்டது. நம்மைச் சுட உத்தரவு போட்டவன் 30 ஆண்டில் காட்டிவிட்டான். இன்றைக்கு ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளமாக இருக்கும் அரக்கோணம் ஓடுதளம் அதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. அங்கே அன்றைக்கு இருந்த பிரிட்டிஷ் ராயல் ஏர்ஃபோர்ஸ் பற்றித் தேட வேண்டும் என்றால் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் தேட வழி இருக்கிறது. நம் சொந்த அரசு, நம் சொந்தப் பிள்ளைகள் பற்றி எழுதியதை மட்டும் நாம் அடுத்தவன் ஊர் நூலகத்தில் போய்ப் பொறுக்க வேண்டும்.

"வேலூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஏன் இது" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1962ல் முப்படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், நம் ஊர் ஊரிசு கல்லூரியில் படித்தவர். அது போகட்டும். பெரியப்பா இறந்த பிறகு அவருடைய சர்வீஸ் பதிவு நகல் கேட்டுப் பெரியம்மா ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவே இல்லை. மறுபடி எழுதினோம். பழைய பதிவுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று ஒற்றை வரியில் வந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். "அப்போ அவரு அங்க இருந்ததுக்கே சாட்சி இல்லையா" என்றார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நீ எந்தக் கட்சி என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். நவம்பர் 19 கடிதங்கள் இரண்டையும் ஒரு வரி விடாமல் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வாரத்துக்குள் இங்கேயே போடுகிறேன். நேருவைத் திட்டுகிறவர்களும் காப்பாற்றுகிறவர்களும் அதைப் படித்துவிட்டு வாருங்கள். காட்பாடிப் பெரியவரின் முகவரி தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அச்செடுத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 1962ல் நேஃபாவில் இருந்தோ லடாக்கில் இருந்தோ வந்த இன்லேண்ட் லெட்டர் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.