லைக் மட்டும் பத்தாதாம்

எட்டு மாதமாக ஒரு போன் கிடையாது. நேற்று காலை நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்: "மச்சி, லிங்க்ட்இன்ல போஸ்ட் போட்டிருக்கேன். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள கமென்ட் விழுந்தாதான் ரீச் ஏறும். லைக் மட்டும் பத்தாது." நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு வார்த்தை இல்லை.

திறந்தால், அவன் அப்பா ஐசியுவில்! எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். பதறிப்போய் மீதியைப் படித்தேன். ஒரு வரி, ஒரு இடைவெளி, ஒரு வரி, ஒரு இடைவெளி என்று இறங்கி இறங்கி, ஐசியு வாசலில் கற்ற ஐந்து தலைமைப் பாடங்களில் போய் நிற்கிறது. ஐந்தாவது பாடம், நெட்வொர்க்கை வளர்த்துக்கொள்ளுங்கள். அடப்பாவி!

ஃபேஸ்புக்குக்கு முன்னால் நாங்கள் குடியிருந்த சமூக வலைத்தளமான ஆர்குட் காலத்தில் இப்படியா இருந்தோம்? அங்கே டெஸ்டிமோனியல் என்று ஒன்று உண்டு. நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ள முடியாது, அடுத்தவன்தான் எழுத வேண்டும். அவனும் பாதிக்குப் பாதி கலாய்த்துத்தான் எழுதுவான். 2014-இல் ஆர்குட்டை மூடினார்கள், அந்தக் கூச்சத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் போல.

ஆளுக்கு ஆள் ஒரு பிராண்ட் என்பதை 1997-லேயே அமெரிக்காவில் டாம் பீட்டர்ஸ் என்ற நிர்வாகவியல் எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார். அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2008 பொருளாதார நெருக்கடியை ஒட்டி வேலைக்கு வந்து, எந்த நாற்காலியும் நிரந்தரமில்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு எங்கள் தலையில் ஏறியது. பயம்தான், வேறென்ன. நண்பனுக்கும் போன வருஷம் வேலை போனது. அது புரியாமல் இல்லை.

ஆனால் எனக்கும் எரிகிறதே! ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்வர் படுத்த அன்று விடிய விடிய உட்கார்ந்து எழுப்பியவன் நான். காலையில் காபிக் கோப்பையோடு செல்ஃபி போட்டு "எங்கள் குழுவின் போராட்ட குணம்" என்று எழுதியவனுக்குப் பாராட்டு. அப்ரைசலில் எனக்குக் கிடைத்த அறிவுரை: "வேலை நல்லா செய்றீங்க. விசிபிலிட்டிதான் பத்தல." வேலையைச் செய்வது ஒரு வேலை, செய்தேன் என்று தண்டோரா போடுவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குச் சம்பளமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

சரி, அப்பா விஷயம். நண்பனுக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் போஸ்ட்டுக்குக் கீழேயே எழுதினேன்: "அப்பா எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? போனை எடுடா."

ஐந்து நிமிஷத்தில் அதற்கு ஒரு ஹார்ட் விழுந்தது. போனை இன்னும் எடுக்கவில்லை.