வாட்ஸ்அப்பில் கேரளா லாட்டரி விற்பதாக வரும் செய்தி பொய்

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கேரளத்து ஆரியங்காவு வரை அலைய வேண்டாம், கேரளா லாட்டரி இப்போது ஆன்லைனில். பணம் அனுப்பினால் டிக்கெட் போட்டோ வரும்." இது பொய்.

கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைன் விற்பனை கிடையாது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்கே தடை.

கூடவே வரும் படத்தை உற்றுப் பாருங்கள். சீட்டின் முன்பக்கத்தில் வாங்கியவர் பெயர் அச்சாகியிருக்கிறது. அசல் சீட்டில் அப்படி இருக்காது; பரிசு விழுந்தவர்தான் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அடுத்து, "பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள்" என்று போன் வரும். மனசு இளகுகிற இடம் இதுதான். உண்மையில் வரியைப் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் எண்ணும் வேண்டாம். அதைப் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

குலுக்கல் முடிவைக் கேரள லாட்டரித் துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். தயவுசெய்து இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வழியுண்டு.